லூபஸ் நெஃப்ரைட்டிஸும் கர்ப்பமும்: மாத்திரை மாற்றுவதிலிருந்து பிரசவ அறை வரை

வாணி, குடியாத்தம்

வணக்கம். தங்கைக்காகக் கேட்கிறேன். வயது 27, எடை 52 கிலோ. பயாப்ஸியில் (சிறுநீரகத் திசுப் பரிசோதனை) கிளாஸ் 4 லூபஸ் நெஃப்ரைட்டிஸ், அதாவது உடலின் எதிர்ப்புச் சக்தியே உடலைத் தாக்கும் லூபஸ் நோயால் வரும் சிறுநீரக அழற்சி. இப்போது எம்.எம்.எஃப் (மைக்கோஃபெனோலேட், எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மாத்திரை) 500 காலையில் இரண்டு, இரவில் இரண்டு, வைசோலோன் (பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு) 5, எச்.சி.க்யூ (ஹைட்ராக்சிகுளோரோகுயின், லூபஸ் மாத்திரை) 200; எனலாப்ரில் (பிபியையும் புரோட்டீன் கசிவையும் குறைக்கும் மாத்திரை) 5. போன மாத ரிப்போர்ட்டில் கிரியேட்டினின் (கிட்னி வேலையைக் காட்டும் ரத்த அளவு) 0.8, யூரின் புரோட்டீன்-கிரியேட்டினின் விகிதம் (யூரினில் கசியும் புரோட்டீன் அளவு) 0.4, பிபி 124/80. மாமியார் வீட்டில் குழந்தையைப் பற்றிக் கேட்க ஆரம்பித்துவிட்டார்கள். அடுத்த ஓபிக்கு வேலூர் போகும் முன் என்னென்ன தெரிந்துகொண்டு போக வேண்டும்? எந்த மாத்திரையை எப்போது நிறுத்துவது?

ரீனல் சிஸ்டர்

வாணிம்மா, இங்கே படிச்சுட்டு எந்த மாத்திரையையும் வீட்டிலேயே நிறுத்திடாதீங்க. நிறுத்துற வரிசைதான் இதுல முக்கால்வாசி வேலை.

0.4 நல்ல நம்பர்தான். ஆனா ஒரு தடவை வந்த 0.4 போதாது. குறைஞ்சது ஆறு மாசமா கிட்னி அடங்கியிருக்கணும். புரோட்டீன் 0.5-க்குக் கீழே, கிரியேட்டினின் ஏறாம ஒரே இடத்துல, யூரின்ல சிவப்பணு வார்ப்புகள் (கிட்னி அழற்சியைக் காட்டுற ரத்த அணுத் திரள்) இல்லாம, பிபி 130/80-ஐ ஒட்டி, வைசோலோன் 7.5-ஐத் தாண்டாம. பழைய ரிப்போர்ட்டை எல்லாம் தேதி வரிசைல ஒரே தாள்ல எழுதிட்டுப் போங்க. டாக்டர் முதல்ல அதைத்தான் கேப்பாங்க.

அடுத்தது எம்.எம்.எஃப். இது வயித்துல இருக்கிற குழந்தைக்கு ஆகாது. கருச்சிதைவு வரும், குழந்தை தங்கினாலும் வெளிக்காது உருவாகாம, உதடு, அண்ணம் பிளந்து பிறக்கலாம். இதயக் கோளாறும் வரலாம். கரு தங்குறதுக்கு ஆறு வாரம் முன்னாடியாவது இது உடம்பை விட்டுப் போயிருக்கணும். ஆனா ஆறு வாரம்னு கணக்குப் போட்டு உடனே முயற்சி பண்றதுதான் பலரும் தடுக்கி விழுற இடம். எம்.எம்.எஃப் பிடிச்சு வெச்சிருந்த கிட்னி, அதை எடுத்ததும் அடங்கியே இருக்குமான்னு பார்க்கணுமில்ல? அதனால எம்.எம்.எஃப்-க்குப் பதிலா, கர்ப்பத்துல போடக்கூடிய அசாதயோப்ரின் போட்டு 3 முதல் 6 மாசம் காத்திருக்கச் சொல்வாங்க. அந்தக் காத்திருப்புல புரோட்டீன் 0.4-ல இருந்து 1.2-க்குப் போச்சுன்னா, கர்ப்பத்துக்கு முன்னாடியே தெரிஞ்சது நல்லதாச்சு. கர்ப்பத்துல அதே ஏற்றம் வந்தா கையில இருக்கிற மருந்து ரொம்பக் கம்மி.

அதுவரைக்கும் காப்பர் டி. இதை யாரும் வெளிப்படையாப் பேச மாட்டேங்கறாங்க. எம்.எம்.எஃப் சாப்பிட்டுக்கிட்டே "பார்த்துக்கலாம்"னு இருக்கறது ஆபத்து. ஆன்டிபாஸ்போலிப்பிட் ஆன்டிபாடி (ரத்தத்தை உறைய வைக்கிற எதிர்ப்பொருள்) பாசிட்டிவா இருந்தாலோ நோய் சுறுசுறுப்பா இருந்தாலோ ஈஸ்ட்ரோஜன் கலந்த கருத்தடை மாத்திரை வேண்டாம், ரத்தக்கட்டி வரும்.

மருந்தாளர், ஆற்காடு

சிஸ்டர் சொன்னதோடு அசாதயோப்ரின் விவரம் கொஞ்சம். உச்ச அளவு கிலோவுக்கு 2 மி.கி. 52 கிலோவுக்கு 100 மி.கி வரை. எடுத்த எடுப்பில் 100 கொடுக்க மாட்டார்கள்; 50-ல் தொடங்கி ஏற்றுவார்கள். முதல் இரண்டு மாதம் ரத்த அணு எண்ணிக்கை அடிக்கடி பார்க்க வேண்டும், ஆரம்பத்தில் வாரம் ஒருமுறை. காரணம் இந்த மருந்தை உடல் சிதைப்பதில் பங்குள்ள என்.யு.டி.டி.15 என்ற மரபணு. நம் நாட்டில் இதன் மாறுபாடு அதே வேலையில் பங்குள்ள டி.பி.எம்.டி மரபணுவின் மாறுபாட்டைவிட அதிகமாகக் காணப்படுகிறது. மாறுபாடு இருப்பவர்களுக்கு வழக்கமான அளவிலேயே வெள்ளணு சரிந்துவிடும். முடி திடீரெனக் கொத்தாக உதிர்வது அதன் முன்னறிகுறியாக இருக்கலாம். லூபஸில் முடி கொட்டுவது சகஜம் என்று விட்டுவிடாமல் அன்றே ரத்தம் கொடுங்கள். வசதி இருந்தால் மரபணுப் பரிசோதனையை மாத்திரை தொடங்கும் முன்பே செய்துவிடலாம்.

யூரிக் அமிலத்துக்கு அலோபியூரினால் அல்லது ஃபெபுக்சோஸ்டாட் சாப்பிடுகிறாரா என்றும் பாருங்கள். அசாதயோப்ரினோடு சேர்ந்தால் எலும்பு மஜ்ஜையே முடங்கும். வேறு டாக்டர் வேறு ஊரில் எழுதிக் கொடுத்த சீட்டில்தான் இந்த மாதிரி ஜோடி தப்பிவிடும். எல்லாச் சீட்டையும் ஒரே பையில் கொண்டு போங்கள்.

எச்.சி.க்யூ-வை நிறுத்தக் கூடாது. கர்ப்பம் முழுக்க, பால் கொடுக்கும் காலம் முழுக்கத் தொடர வேண்டிய மாத்திரை அது. அளவு கிலோவுக்கு ஒரு நாளுக்கு 5 மி.கி-க்குள். 52 கிலோவுக்கு 260 மி.கி. தினமும் 200 போட்டு, வாரத்தில் இரண்டு நாள் மட்டும் 400 போட்டால் வாரத்துக்கு 1800, அதாவது நாளுக்கு 257. டாக்டரிடம் இந்தக் கணக்கைக் கேட்டுப் பாருங்கள். கிட்னி வேலை குறைந்தவர்களுக்கு இந்த அளவும் குறையும். கண் பரிசோதனையும் சீக்கிரமே தொடங்க வேண்டும்.

எனலாப்ரிலை இப்போதே நிறுத்திவிடுவது பாதுகாப்பு என்று நினைக்கிறேன்.

மகப்பேறு மருத்துவர், வாலாஜா

எனலாப்ரில் விஷயத்தில் நான் சற்று மாறுபடுகிறேன். அந்த வகை மருந்துகள் குழந்தையின் சிறுநீரகத்தைக் கெடுப்பது இரண்டாம், மூன்றாம் மும்மாதங்களில். பனிக்குட நீர் வற்றிப்போகும். புரோட்டீன் போகிறவருக்கு மாதக்கணக்கில் முன்பே நிறுத்தினால், கரு தங்க ஆறேழு மாதமானால், அத்தனை காலமும் சிறுநீரகம் பாதுகாப்பில்லாமல் இருக்கும். எனவே மாதவிலக்கு ஒழுங்காக வருபவர், தள்ளிப்போன அன்றே வீட்டில் பரிசோதிப்பவர் என்றால், பாசிட்டிவ் வந்த அன்று நிறுத்தும் வரை தொடரலாம் என்பதே இன்று பல சிறுநீரக நிபுணர்களின் வழக்கம். மாதவிலக்கு ஒழுங்கற்றவருக்கும் பரிசோதனையைத் தள்ளிப்போடுபவருக்கும் மருந்தாளர் சொன்னதே சரி. வாணியின் தங்கை எந்த ரகம் என்பதை அவர் மருத்துவர் முடிவு செய்யட்டும். பிறகு பிபிக்கு லேபெட்டலால், நிஃபெடிபின், மெத்தில்டோபா இருக்கின்றன. ஆஸ்துமா உள்ளவர்களுக்கு லேபெட்டலால் வேண்டாம்.

எம்.எம்.எஃப்-பிலிருந்து அசாதயோப்ரினுக்கு மாறுவது வெறும் சம்பிரதாயம் இல்லை. 2011-இல் வந்த ஆல்ம்ஸ் பராமரிப்பு ஆய்வில் எம்.எம்.எஃப் எடுத்தவர்களில் சுமார் 16 சதவீதத்தினருக்கும், அசாதயோப்ரின் எடுத்தவர்களில் சுமார் 32 சதவீதத்தினருக்கும் சிகிச்சை தோற்றது. அதற்கு முந்தைய ஆண்டு வந்த மெயின்டெயின் ஆய்வில் இரண்டுக்கும் பெரிய வேறுபாடு இல்லை. ஆகவே மாற்றியபின் கவனிப்பது கட்டாயம். புரோட்டீன் ஏறினால் எதிர்ப்புச் சக்தியை அடக்கும் டாக்ரோலிமஸ் மாத்திரையைச் சேர்க்கலாம், அது கர்ப்பத்துக்குப் பொருந்தும்.

கர்ப்பத்துக்கு முன்பே எடுக்க வேண்டிய ரத்தப் பரிசோதனைகள் தனி. ஆன்டிபாஸ்போலிப்பிட் வகை மூன்றும்: லூபஸ் ஆன்டிகோயாகுலன்ட், ஆன்டிகார்டியோலிபின், பீட்டா 2 கிளைகோபுரோட்டீன். பாசிட்டிவ் என்றால் 12 வாரம் கழித்து மறுபடி எடுத்தால்தான் உறுதி. இந்த 12 வாரத்துக்காகவே திட்டத்தை முன்கூட்டித் தொடங்கச் சொல்கிறேன். குழந்தையின் இதயத் துடிப்பைப் பாதிக்கக்கூடிய ஆன்டி-ரோ, ஆன்டி-லா எதிர்ப்பொருட்கள் இரண்டும். லூபஸின் வேகத்தைக் காட்டும் சி3, சி4, டிஎஸ்-டிஎன்ஏ; அதோடு தைராய்டு, சர்க்கரை. ஃபோலிக் அமிலம் முயற்சிக்கு முன்பே தொடங்க வேண்டும்.

கோபி, சோளிங்கர்

எனக்கு ஒரு சந்தேகம். பாசிட்டிவ்னு தெரிஞ்சதும் எல்லா மாத்திரையையும் நிறுத்திட்டா குழந்தைக்கு நல்லதுதானே? வீட்ல பெரியவங்க அதைத்தான் சொல்றாங்க. ஸ்டீராய்டு வேற இருக்கு. நாட்டு மருந்துக் கடையில கஷாயம் வாங்கிக் கொடுத்தா கிட்னியும் சுத்தமாகும்னு சொல்றாங்க.

ரீனல் சிஸ்டர்

கோபி தம்பி, இந்தக் கேள்வியைக் கேட்டதுக்கு நன்றி. நிறைய வீட்ல இதைக் கேக்காமலே செஞ்சுடறாங்க.

எச்.சி.க்யூ நிறுத்தினா நோய் கிளம்பும் வாய்ப்பு ஏறும். ஸ்டீராய்டை ரொம்ப நாளா சாப்பிடுறவங்க சடார்னு நிறுத்தினா அட்ரினல் சுரப்பி கைவிட்டுடும்: வாந்தி, மயக்கம், பிபி சரிவு, உயிருக்கே ஆபத்து. பிரெட்னிசோலோனைப் பெரும்பாலும் நஞ்சுக்கொடியே உடைச்சுடும், குழந்தைக்குப் போறது கொஞ்சம்தான். கிளம்பின நெஃப்ரைட்டிஸ்தான் குழந்தைக்கு எமன். எடை ஏறாது, குறைப்பிரசவம், பிபி ஏறி வலிப்பு, எல்லாம் அதுல இருந்துதான் வருது.

கஷாயம், லேகியம், பஸ்பம் எதுவும் வேண்டாம். உள்ளே என்ன இருக்குன்னு பாட்டில்ல எழுதியிருக்காது. ஈயம், பாதரசம் கலந்தது உண்டு. சில மூலிகைகளே கிட்னிக் குழாய்களை அரிச்சுடும். டாக்ரோலிமஸ் சாப்பிடுறவங்களுக்குப் பம்பளிமாஸ் பழம்கூட மருந்து அளவை ஏத்திவிடும்.

தலைவலி, மூட்டுவலிக்கு மெடிக்கல் ஷாப்புல கேட்டதும் கொடுக்குற டைக்ளோஃபெனாக், இபுபுரூஃபென், அசெக்ளோஃபெனாக் தொடவே கூடாது. பாரசிட்டமால் மட்டும்.

நஸ்ரீன், ஆம்பூர்

டாக்டர் மேடம், ஆன்டி-ரோ பாசிட்டிவ் என்றால் குழந்தைக்கு இதயத் துடிப்பு நின்றுவிடும் என்கிறார்களே. அப்படியானால் குழந்தையே வேண்டாமா?

மகப்பேறு மருத்துவர், வாலாஜா

அப்படி முடிவெடுக்க வேண்டாம், நஸ்ரீன். ஆன்டி-ரோ உள்ள தாய்மாரின் குழந்தைகளில் இதயத் துடிப்புக் கடத்தல் அடைபடுவது 100-க்கு 1 அல்லது 2 பேருக்குத்தான். முந்தைய குழந்தைக்கு வந்திருந்தால் மட்டுமே அது 16 முதல் 18 சதவீதமாகிறது, எச்.சி.க்யூ தொடர்ந்தால் அதுவும் ஏறத்தாழப் பாதியாகக் குறைகிறது. அடைப்பு வருவதென்றால் பெரும்பாலும் 16-ஆம் வாரத்திலிருந்து 26-ஆம் வாரத்துக்குள். அந்தக் காலத்தில் குழந்தையின் இதய எக்கோ எடுப்பார்கள், முந்தைய குழந்தைக்கு வந்தவருக்கு வாரம் ஒருமுறை. முழு அடைப்பு விழுந்துவிட்டால் மருந்தால் திரும்பாது. குழந்தைக்குப் பேஸ்மேக்கர் தேவைப்படலாம். எனவே இந்த எக்கோவுக்கு ஒரு முறைகூடத் தவறாதீர்கள்.

எண்ணிக்கை என்று பார்த்தால், 2015-இல் வெளியான புரோமிஸ் ஆய்வில் லூபஸ் உள்ள 385 கர்ப்பிணிகளில் 81 சதவீதத்தினருக்குப் பெரிய சிக்கல் வரவில்லை. ஆனால் அதில் சேர்க்கப்பட்டவர்கள் நோய் அடங்கியிருந்தவர்கள், கிரியேட்டினின் 1.2-க்கு மேல் உள்ளவர்களையும் புரோட்டீன் 1 கிராமுக்கு மேல் போனவர்களையும் சேர்க்கவில்லை. அந்த 81 எல்லாருக்கும் பொருந்தாது, திட்டமிட்டுக் காத்திருந்து வருபவருக்கு நெருக்கமாகப் பொருந்தும். கிரியேட்டினின் 1.5-ஐத் தாண்டியவர்களுக்குச் சிறுநீரகம் நிரந்தரமாகச் சரியும் அபாயமும் சேர்கிறது. நுரையீரல் ரத்த அழுத்தம் கடுமையாக இருப்பவர், ஆறு மாதத்துக்குள் பக்கவாதம் வந்தவர் கர்ப்பத்தைத் தவிர்ப்பதே நல்லது.

வாணி, குடியாத்தம்

நன்றி மேடம், நன்றி சிஸ்டர். கர்ப்பம் தங்கியபின் எத்தனை நாளுக்கு ஒருமுறை வேலூர் வர வேண்டும்? மற்ற டெஸ்டுகளைக் குடியாத்தத்திலேயே எடுத்துக்கொள்ளலாமா? எந்த ஆஸ்பத்திரி என்றும் குழப்பம்.

ரீனல் சிஸ்டர்

கிட்னி டாக்டர் மாசம் ஒரு தடவையாவது பார்க்கணும், 28 வாரத்துக்கு அப்புறம் இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை, கடைசியில வாராவாரம்னு வெச்சுக்கோங்க. நடுவுல உள்ளூர்லயே டெஸ்ட் எடுக்கலாம். ஆனா ஒரே லேப்ல எடுங்க. கிரியேட்டினினை இரண்டு முறையில அளப்பாங்க, லேப் மாறினா 0.1, 0.2 வித்தியாசம் வரும். கர்ப்பத்துல அந்த 0.2-தான் எல்லாமே.

ஏன்னா கர்ப்பத்துல கிட்னி அதிகமா வடிகட்டும், கிரியேட்டினின் 0.4 முதல் 0.8-க்குள்ள இறங்கும். 0.8-ல தொடங்கினவங்களுக்கு 20 வாரத்துல 0.9 வந்தா, தாள்ல "நார்மல்"னு அச்சாகியிருக்கும். நமக்கு அது அபாய மணி. ரிப்போர்ட்ல வர்ற ஈ.ஜி.எஃப்.ஆர் (கிட்னி வடிகட்டுற வேகம்) கணக்கும் கர்ப்பத்துக்குப் பொருந்தாது. சி3, சி4 கர்ப்பத்துல தானா ஏறும், அதனால "நார்மல்" இருந்தாலும் முந்தின தடவையைவிட இறங்குதான்னு பாருங்க. ஈ.எஸ்.ஆர் (அழற்சியைக் காட்டுற ரத்தப் பரிசோதனை) எப்படியும் ஏறிடும், அதை வெச்சு ஒண்ணும் சொல்ல முடியாது.

புரோட்டீனுக்குக் காலை முதல் யூரின்ல விகிதம் பார்த்தா போதும். 24 மணி நேர யூரின் கேட்டாங்கன்னா: காலைல எழுந்ததும் போற முதல் யூரினைக் கழிச்சுடணும், நேரம் குறிச்சுக்கணும், அதுக்கப்புறம் ஒண்ணு விடாம கேன்ல பிடிச்சு, மறுநாள் அதே நேரத்து யூரினையும் சேர்க்கணும். முதல் யூரினையும் சேர்த்துடறதும், இடையில வெளியே போனப்ப விட்டுடறதும்தான் கணக்கைக் கெடுக்கறது.

யூரின் கல்ச்சரும் அப்பப்போ எடுங்க. எரிச்சல் இல்லாட்டியும் கிருமி வளரும், வளர்ந்தா சிகிச்சை எடுக்கணும்.

மகப்பேறு மருத்துவர், வாலாஜா

ஆஸ்பத்திரி பற்றி: சிறுநீரகம், வாத நோய், அதிக ஆபத்துள்ள கர்ப்பம், பச்சிளம் குழந்தைத் தீவிர சிகிச்சை நான்கும் இருக்கும் இடமே வேண்டும். வேலூரில் சி.எம்.சி இருக்கிறது, அடுக்கம்பாறையில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. சி.எம்.சி-க்கு டவுன் வளாகம், ராணிப்பேட்டை வளாகம் என்று இருப்பதால், எந்தப் பிரிவு எங்கே பார்க்கிறது என்பதை அப்பாயின்ட்மென்ட் போடும்போதே கேட்டுவிடுங்கள். எங்கே பார்த்தாலும் உள்ளூர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பிக்மி என்ற அரசுக் கர்ப்பிணிப் பதிவேட்டில் பதிவு செய்து ஆர்.சி.எச் எண் வாங்குங்கள். பிறப்புச் சான்றிதழுக்கும் முத்துலட்சுமி ரெட்டி உதவித்தொகைக்கும் அது தேவை. கிராம செவிலியரிடம் "லூபஸ் கிட்னி" என்று சொல்லி அட்டையில் எழுத வையுங்கள். ஒடுகத்தூர், அணைக்கட்டு மலைப் பக்கம் இருப்பவர்கள் கடைசி மாதத்தில் டவுனில் உறவினர் வீட்டில் தங்குவது நல்லது.

ஆஸ்பிரின் 12-ஆம் வாரத்தில், தவறினால் 16-க்கு முன் தொடங்க வேண்டும். 75 முதல் 150 மி.கி, இரவில். சிறுநீரகம் பாதித்தவர்களுக்கு 150 என்று பலர் கொடுக்கிறோம். பொதுவாக 36-ஆம் வாரத்தில் நிறுத்துவோம். கால்சியமும் உண்டு. ஆன்டிபாஸ்போலிப்பிட் நோய் உறுதியானால் ஆஸ்பிரினோடு ரத்தம் உறையாமல் தடுக்கும் எனாக்ஸபாரின் ஊசி சேரும். அதே வேலைக்கான வார்ஃபரின் மாத்திரை சாப்பிடுபவர்கள் ஆறாம் வாரத்துக்கு முன் ஊசிக்கு மாற வேண்டும். இதனால்தான் முதல் நாளே பரிசோதிக்கச் சொல்கிறோம்.

சர்க்கரைக்கு நம் பக்கம் வழக்கமான முறை: 75 கிராம் குளுக்கோஸ் குடித்து 2 மணி நேரத்தில் 140-ஐத் தொட்டாலே கர்ப்பகாலச் சர்க்கரை. ஸ்டீராய்டும் டாக்ரோலிமஸும் சர்க்கரையை ஏற்றும், ஆகவே முதல் வருகையிலேயே பார்த்து, 24 முதல் 28 வாரத்தில் மறுபடி பார்க்கிறோம்.

இனிக் கடினமான கட்டம். 20 வாரத்துக்குப் பிறகு பிபியும் புரோட்டீனும் சேர்ந்து ஏறினால், அது நெஃப்ரைட்டிஸ் கிளம்பியதா, கர்ப்ப நச்சுநிலையா (பிரீ-எக்லாம்சியா)? மருந்து நேர் எதிர்: முன்னதற்கு ஸ்டீராய்டைக் கூட்ட வேண்டும், பின்னதற்கு முடிவில் பிரசவம்தான். சி3, சி4 இறங்கி, டிஎஸ்-டிஎன்ஏ ஏறி, சிறுநீரில் சிவப்பணு வார்ப்புகள் இருந்தால் நெஃப்ரைட்டிஸ் பக்கம். ஈரல் நொதி ஏறி, தட்டணு குறைந்து, யூரிக் அமிலம் ஏறினால் நச்சுநிலைப் பக்கம். நஞ்சுக்கொடியிலிருந்து வரும் இரு புரதங்களை ஒப்பிடும் ரத்தப் பரிசோதனையான எஸ்.ஃப்ளிட்-பி.எல்.ஜி.எஃப் விகிதம் 38 அல்லது அதற்குக் கீழ் என்றால் அடுத்த ஒரு வாரத்துக்கு நச்சுநிலை வரும் வாய்ப்பு மிகக் குறைவு. இரண்டும் சேர்ந்தே வருவதும் உண்டு. 20 வாரத்துக்கு முன் ஏறினால் பெரும்பாலும் நெஃப்ரைட்டிஸ்தான். பயாப்ஸி தேவைப்பட்டால் அப்போதே செய்யலாம், பிந்தினால் ரத்தக்கசிவு அபாயம் கூடும்.

வீட்டில் ஒரு பிபி மெஷின் கட்டாயம், முழங்கைக்கு மேலே கட்டுவது. ஐந்து நிமிடம் உட்கார்ந்து, இரண்டு முறை பார்த்து எழுதுங்கள். 140/90 தாண்டினால் அன்றே போன் செய்யுங்கள். 160/110, கடும் தலைவலி, கண் மங்கல், மேல்வயிற்று வலி என்றால் 108-ஐக் கூப்பிடுங்கள். காலை வரை காத்திருக்க வேண்டாம்.

மருந்தாளர், ஆற்காடு

டாக்ரோலிமஸ் போடுபவர்கள் கவனிக்க: ரத்த அளவு பார்க்கும் நாளில் காலை மாத்திரையைப் போடாமல் போக வேண்டும், இரவு மாத்திரைக்குப் பின் 12 மணி நேரம். ஊதா மூடி டியூப். கர்ப்பத்தில் ரத்தச்சோகையால் அளவு குறைவாகத் தெரியும். அதைத் துரத்தி மாத்திரையை ஏற்றிக்கொண்டே போனால் கிட்னிக்கு நஞ்சாகும். கிளாரித்ரோமைசின், ஃபுளூகோனசோல் அளவை ஏற்றும். டிபி மருந்தான ரிஃபாம்பிசின் தரைமட்டமாக்கும்.

அக்னி நட்சத்திர வெயிலில் வயிற்றுப்போக்கு வந்தால் வீட்டில் சமாளிக்காதீர்கள். நீர் வற்றினால் கிரியேட்டினின் ஏறும், டாக்ரோலிமஸ் அளவும் ஏறும்.

வாணி, குடியாத்தம்

சாப்பாடு? பிரசவ அறையில் நாங்கள் என்ன சொல்ல வேண்டும்? அங்கே அவளைத் தெரிந்த டாக்டர் இல்லாமல் போகலாம்.

ரீனல் சிஸ்டர்

உப்பு ஒரு நாளுக்கு ஒரு டீஸ்பூனுக்குள்ள, கருவாடு, ஊறுகாய், அப்பளம் வேண்டாம். பருப்பு, முட்டை, மீனைக் குறைக்காதீங்க, கர்ப்பத்துல புரோட்டீனைக் கட்டுப்படுத்துற பேச்சே கிடையாது. வெயில்ல குடை இல்லாம போகக்கூடாது, லூபஸைக் கிளப்பும்.

பிரசவ அறைக்கு ஒரு தாள் எழுதி ஃபைல் முகப்புல ஒட்டிடுங்க. அதுல நாலு விஷயம் இருக்கணும். கடைசி கிரியேட்டினின் எவ்வளவு: வலிப்பைத் தடுக்க மெக்னீசியம் சல்ஃபேட் போட்டா, முதல் டோஸ் வழக்கம்போல, தொடர் டோஸைக் கிட்னிக்கு ஏத்தாப்பல குறைக்கணும், யூரின் அளவும் முழங்கால் அனிச்சையும் பார்த்துக்கிட்டே இருக்கணும். ஸ்டீராய்டு எவ்வளவு, எத்தனை மாசமா: வலி நேரத்துல ஹைட்ரோகார்டிசோன் ஊசி தேவைப்படலாம். எனாக்ஸபாரின் கடைசியா எப்போ போட்டாங்க: தடுப்பு டோஸ்னா 12 மணி நேரம், முழு டோஸ்னா 24 மணி நேரம் கழிச்சுத்தான் முதுகுல மரத்துப்போற ஊசி. நாலாவது, பெரிய எழுத்துல: "டைக்ளோஃபெனாக் ஊசி, சப்போசிட்டரி கூடாது." சிசேரியனுக்கு அப்புறம் அதை வழக்கமாப் போட்டுடறாங்க.

பிரசவ லேகியமும் வேண்டாம். பெரியவங்க மனசு நோகாம, "டாக்டர் எழுதிக் கொடுத்திருக்காரு"ன்னு சொல்லிடுங்க. பிரசவத்துக்கு அப்புறம் ஆறு மாசம் நெஃப்ரைட்டிஸ் கிளம்புற காலம். ஒரு வாரம், இரண்டு வாரத்துக்குள்ள பிபி பார்க்கணும், நாலஞ்சு வாரத்துல கிட்னி ஓபி. குழந்தை சந்தோஷத்துல எல்லாரும் விட்டுடறது இதைத்தான்.

மகப்பேறு மருத்துவர், வாலாஜா

காப்பர் டி-யைப் பிரசவம் ஆன உடனேயே, அறையைவிட்டு வரும் முன் வைத்துவிடலாம். முன்கூட்டிச் சம்மதம் சொல்லி வையுங்கள்.

தாய்ப்பால் தாராளமாகக் கொடுக்கலாம். எச்.சி.க்யூ, பிரெட்னிசோலோன், அசாதயோப்ரின், டாக்ரோலிமஸ், எனலாப்ரில், ஹெப்பாரின், வார்ஃபரின் எல்லாம் பொருந்தும். எம்.எம்.எஃப், சைக்ளோஃபாஸ்ஃபமைடு பொருந்தாது. நோய் கிளம்பி அவை தேவைப்பட்டால் பாலை நிறுத்திவிட்டு மருந்தைத் தொடங்க வேண்டும், மருந்தைத் தள்ளிப்போடக் கூடாது.

ஆன்டி-ரோ உள்ள தாயின் குழந்தைக்குப் பிறந்ததும் ஒரு ஈ.சி.ஜி. முகத்திலோ உச்சந்தலையிலோ வளையம் வளையமாகச் சிவந்தால் வெயிலில் காட்டாதீர்கள், அது ஆறேழு மாதத்தில் தானாக மறையும். கர்ப்பத்தின் பிற்பாதியில் எதிர்ப்புச் சக்தியை அடக்கும் ரிட்டக்ஸிமாப் போன்ற ஊசி எடுத்திருந்தால் மட்டும், பி.சி.ஜி, ரோட்டா போன்ற உயிருள்ள தடுப்பூசிகள் போடும் முன் குழந்தைகள் மருத்துவரிடம் சொல்லுங்கள். மற்றவர்களுக்கு அட்டவணைப்படி போடலாம்.